காங்கேய மாட்டுக்கு ஒரு பட்டி: கடவு முதல் ஊசிக்கூண்டு வரை

மூன்று வருடத்துக்கு முன்னால், கோமாரி ஊசி போட கால்நடை மருத்துவர் வந்திருந்தார். கொறங்காட்டில் (வேலி போட்ட எங்கள் மேய்ச்சல் காடு) 18 உருப்படி. கடவோரம் (காட்டுக்குள் நுழையும் வழி) கல்லுக்கால் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டிய பழைய பட்டியில் எல்லாவற்றையும் அடைத்தோம். நாலைந்து மாட்டுக்கு ஊசி போட்டாயிற்று. அடுத்தது ஒரு செவலைக் கிடாரி. கழுத்தில் கயிறு விழுந்ததும் மிரண்டு, அரைவட்டம் அடித்துத் திரும்பி, நேராகப் போய் ஒரு கல்லுக்காலில் மோதியது. கல் தரைமட்டத்தோடு முறிந்தது. கிடாரிக்குத் தோளில் ஆழமான காயம், கல்லுக்குப் பின்னால் நின்ற என் தம்பிக்கு முன்கை எலும்பு முறிவு. மீதி மாடுகள் அந்த இடைவெளியில் புகுந்து காட்டுக்குள் ஓடிவிட்டன. அன்றைக்கு மிச்சமிருந்தவற்றுக்கு ஊசி போட முடியவில்லை.

இன்னும் தடிமனான கல் போட்டிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆற அமர யோசித்தபோது, தப்பு கல்லில் தொடங்கவில்லை என்று தெரிந்தது. மாடுகளை மேற்கு வெயிலைப் பார்க்க நிறுத்தியிருந்தோம். போக வேண்டிய பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். அந்தக் கிடாரிக்குத் திரும்பி ஓடுவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. மாடு தானாக நடந்து போகிற மாதிரி பட்டியை அமைத்துவிட்டால், அது வேலியை மோதுவதே குறைந்துவிடும். அப்புறம் பலம் எல்லா இடத்திலும் வேண்டியதில்லை, நாலைந்து இடத்தில் போதும். அந்த இடங்களில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

இங்கே சொல்வது 15 முதல் 25 காங்கேய உருப்படி வைத்து, கொறங்காட்டில் மேய விடுகிறவர்களுக்கு. தினமும் கறக்கும், தினமும் கை படும் மாடுகளைக் கட்டுத்தரையில் வைத்திருப்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. அவர்களுக்குக் கூண்டைப் பற்றிய பகுதி மட்டும் போதும்.

மாட்டின் கண் உயரத்தில் குனிந்து பாருங்கள்

மாட்டுக்குக் கண் முகத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. அதனால் தலையைத் திருப்பாமலே 300 டிகிரிக்கு மேல் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. நீங்கள் வாலுக்குப் பின்னால் போய் நின்றால், யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அது திரும்பத்தான் செய்யும். முரண்டு பிடிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஒரு தூரம் உண்டு. அதற்குள் ஆள் வந்தால் நகரும், வெளியே போனால் நின்று பார்க்கும். கன்றிலிருந்து கையில் வளர்ந்ததற்கு அது ஒரு முழம்கூட இருக்காது. காட்டிலேயே கிடந்த கிடாரிக்கு 20 அடி. அந்த வட்டத்தின் விளிம்பில் நின்று வேலை பார்க்க வேண்டும். நடுவில் புகுந்தால் பாய்ந்து ஓடும்.

மூன்றாவது, தோள். நம் மாட்டுக்குத் திமில் இருப்பதால் அடையாளம் சுலபம். திமிலுக்குப் பின்பக்கமாக, பக்கவாட்டில் நின்றால் மாடு முன்னே போகும். திமிலைத் தாண்டி முகத்துப் பக்கம் வந்தால் பின்வாங்கும். மாட்டின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, கையில் கம்போடு “போ, போ” என்று கத்துகிறவர்களை ஒவ்வொரு ஊசி முகாமிலும் பார்க்கிறேன். அது எங்கே போகும்?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இந்த விஷயங்களை வைத்தே பட்டிகளை வடிவமைத்தவர். மாடு தயங்கி நிற்கும் இடத்தில் தானே குனிந்து நடந்து, அது என்ன பார்க்கிறது என்று தேடுவார். தரையில் விழுந்த நிழல், ஆடும் சங்கிலி, வேலியில் தொங்கும் துண்டு, மின்னும் தண்ணீர் என்று சின்னச் சின்னக் காரணங்கள் கிடைக்கும். நம் பட்டியிலும் அதையே செய்யலாம். காசு ஒன்றும் ஆகாது. கட்டுவதற்கு முன் ஒரு தடவை, கட்டிய பின் ஒரு தடவை, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து முழுப் பாதையும் நடந்து பாருங்கள்.

இடம்

மேடான, தண்ணீர் தேங்காத இடம். தண்ணித்தொட்டிக்கு மாடு வழக்கமாக நடக்கும் தடத்திலேயே அமைந்தால் பாதி வேலை முடிந்தது. தினமும் அதன் வழியாகவே தண்ணீருக்குப் போய்வரும் மாடு, ஊசி நாளன்றும் வழக்கம் போல உள்ளே வரும். லாரியோ டெம்போவோ பின்பக்கமாக வந்து நிற்க வசதி வேண்டும். மருத்துவரின் வண்டி பக்கத்தில் வர வேண்டும்.

ஒற்றை நடையை, அதாவது மாடு ஒன்றன் பின் ஒன்றாக ஊசிக்கூண்டுக்குப் போகும் குறுகிய வழியை, தெற்கு வடக்காகப் போடுங்கள். காலையில் கிழக்கு வெயிலும், மாலையில் மேற்கு வெயிலும் மாட்டின் முகத்தில் அடிக்கக் கூடாது. ஒரு வேலமரமோ வேப்பமரமோ பெரிய பட்டிக்கு நிழல் கொடுத்தால் நல்லது. ஆனால் ஒற்றை நடைக்கு மேல் மட்டும் கிளை நிழல் புள்ளி புள்ளியாக விழக் கூடாது. நிழலா பள்ளமா என்று மாட்டுக்குச் சட்டென்று பிடிபடாது. அங்கேயே நின்றுவிடும்.

ஐந்து பகுதிகள்

மொத்த அமைப்பும் ஒரு புனல் போல. பெரிய பட்டி, அதிலிருந்து சின்னப் பட்டி, அதிலிருந்து ஒற்றை நடை, நடையின் முடிவில் ஊசிக்கூண்டு, கூண்டைத் தாண்டி வெளிப்பட்டி. இந்த வரிசை மாறக் கூடாது.

பெரிய பட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க மாடு ஒன்றுக்கு 35 முதல் 40 சதுர அடி வைத்துக்கொள்ளுங்கள். 25 உருப்படிக்கு 1,000 சதுர அடி. கொம்பு விரிந்த காங்கேய மாடுகளுக்கு இதைக் குறைக்காதீர்கள். இடம் நெருக்கமானால் அடங்காத மாடு அடங்கிய மாட்டை விலாவில் குத்திவிடும். இருக்கும் இடத்தைப் பொறுத்து 40-க்கு 25, அல்லது 35-க்கு 30 அடி.

சின்னப் பட்டி ஐந்தாறு மாடு நிற்கும் அளவு. அதில் பாதி இடம் காலியாகவே இருக்க வேண்டும். பெரும்பாலோர் செய்யும் தவறு, இதை அடைத்துக் கட்டுவதுதான். மாடு நடையின் வாயைப் பார்த்துத் திரும்ப இடம் வேண்டும். ஒரு பக்கச் சுவர் நடையோடு நேர்கோட்டில் வரட்டும். எதிர்ப்பக்கம் மட்டும் 30 டிகிரி சாய்வில் குறுகி வரட்டும். இரண்டு பக்கமும் சாய்த்தால் இரண்டு மாடு ஒரே நேரத்தில் வாயில் வந்து சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் நேராக இருந்தால் ஒன்று முந்தும், மற்றது பின்னால் வரும்.

ஒற்றை நடை 24 அடி நீளம். மூன்று மாடு ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன்னே போகும் மாட்டின் பின்பக்கம் தெரிந்தால் அடுத்தது தானே தொடரும். அதனால் நடை ரொம்பக் குட்டையாக இருந்தால் பயனில்லை. உள் அகலம் 26 அங்குலம். பொலிகாளையும் (எங்கள் பக்கம் பூச்சிக்காளை என்போம்) இதே வழியாகத்தான் வர வேண்டும் என்றால் 28. அதற்கு மேல் போனால் சின்ன மாடு உள்ளேயே திரும்பிக்கொள்ளும். கன்றுகளும் வரும் என்றால் அடியில் 16 அங்குலம், மேலே 28 என்று பக்கங்களைச் சரித்துக் கட்டலாம். வெல்டிங் வேலை கூடும், ஆனால் கன்று திரும்பாது.

நடையை வளைத்துக் கட்டினால் மாடு இன்னும் நன்றாகப் போகும். முன்னால் கூண்டும் ஆட்களும் தெரியாது, வந்த வழிக்கே திரும்பிப் போகிறோம் என்று நினைத்து நடக்கும். ஆனால் 24 அடி நடையில் வளைவு எடுக்கப் போனால் வாயிலேயே வளைவு தொடங்கிவிடும், முன்னால் வழி அடைபட்ட மாதிரி மாட்டுக்குத் தோன்றும். வாயில் நிற்கும் மாட்டுக்கு முன்னே குறைந்தது இரண்டு மாட்டு நீளம் நேராகத் தெரிய வேண்டும். இடம் இருந்தால் மட்டும் வளையுங்கள். எங்கள் நடை நேர்நடைதான்.

தரையில் கோலமாவால் முழு அளவில் கோடு போட்டுப் பாருங்கள். 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணம் பிடித்தால் மூலை சரியாக வரும். போட்ட கோட்டுக்குள் நீங்களே நடங்கள், கதவு திறக்கும் வட்டத்தைக் கயிறு பிடித்து வரையுங்கள். பேப்பரில் பார்த்து அப்படியே குழி தோண்டியவர்கள் பிறகு கதவைத் திறக்க முடியாமல் வேலிக்காலைப் பிடுங்கி நட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எதில் கட்டுவது

கல்லுக்கால் நம் பக்கத்தில் மலிவு, கறையான் தொடாது, துருப்பிடிக்காது. தோட்டத்துச் சுற்று வேலிக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் கல் வளையாது. 350 கிலோ மாடு மோதினால் தாங்கும் வரை தாங்கி, ஒரே நொடியில் முறியும். சின்னப் பட்டி, ஒற்றை நடை, கூண்டு மூன்றிலும் கல் வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானம். பெரிய பட்டியில் வைக்கலாம், அதுவும் கதவு தாங்கும் காலாக அல்ல.

மரம் வளைந்து கொடுக்கும். நன்றாக முற்றிய வேல், வேம்பு, வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் எல்லாம் பல வருடம் நிற்கும். மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த அரையடியில்தான் மரம் முதலில் உளுக்கும். அந்த இடத்தில் மேலும் கீழுமாக ஒரு அடி தார் பூசுங்கள்.

நடைக்கும் கூண்டுக்கும் இரும்புக் குழாய்தான். கால்களுக்கு இரண்டரை அங்குலம், குறுக்குக்கு இரண்டு அங்குலம், பி கிளாஸ் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய, நடுத்தரத் தடிமன் இரும்புக் குழாய்). ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கழற்றிய பழைய பைப் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே துரு தின்ற இடம் மொத்தென்று ஒலிக்கும். ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அது நல்லதல்ல, வெட்டவெளியில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்த இடமெல்லாம் பூச்சு போயிருக்கும், அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடிக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் துரு வரும்.

முள்கம்பி பட்டிக்குள் எங்கேயும் கூடாது. மடி கிழியும், காம்பு கிழியும், மிரண்ட மாட்டுக்கு கண் போகும். சுற்று வேலியில் அது இருக்கலாம், மாட்டை நெருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

கால் நடுதல்

இங்கேதான் பட்டியின் ஆயுள் இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன்.

தரைக்கு மேல் எவ்வளவு உயரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரிய பட்டிக்கு 5 அடி. சின்னப் பட்டிக்கும் நடைக்கும் 5 அடியே போதும், ஆனால் தாவும் பழக்கம் உள்ள மாடு ஒன்று இருந்தாலும் ஐந்தரை, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாவினால் மற்றவையும் கற்றுக்கொள்ளும். 5 அடி மேலே என்றால் 3 அடி மண்ணுக்குள். அதாவது 8 அடிக் கால். கதவு தொங்கும் காலுக்கு 4 அடி ஆழம், இரட்டைத் தடிமன்.

இடைவெளி பெரிய பட்டியில் 8 அடி, சின்னப் பட்டியிலும் நடையிலும் 6 அடி. 

முதலில் மூலைக்கால்களை நட்டு, தூக்குக்குண்டு பார்த்து, அவற்றுக்கிடையே மேலும் கீழும் இரண்டு நூல் பிடித்து மற்றவற்றை நடுங்கள். மேல் நூல் ஒன்றை மட்டும் பிடித்தால் கால்கள் உச்சியில் வரிசையாகவும் அடியில் கோணலாகவும் நிற்கும்.

குழி ஒரு அடிக்கு ஒரு அடி, அடியில் கொஞ்சம் அகலமாக இருப்பது நல்லது. மேலே அகலமாகவும் கீழே கூம்பாகவும் தோண்டினால் மழையில் மண் இளகும்போது கான்கிரீட்டோடு கால் தூக்கிக்கொள்ளும். அடியில் அரையடி உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டுக் கடப்பாரையால் இடியுங்கள், பைப்புக்குள் இறங்கும் தண்ணீர் வடிந்துவிடும். அதன் மேல் 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு). தண்ணீர் குறைவாக, கெட்டியாகக் கலந்து, குத்திக் குத்தி நிரப்புங்கள். தரைமட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, காலிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்து விடுங்கள். தட்டையாக விட்டால் மூத்திரமும் மழைத்தண்ணீரும் அங்கேயே தேங்கிக் காலைத் தின்னும். பைப்பின் வாயை மேலே மூடி வெல்டிங் வைக்க மறக்காதீர்கள்.

மரக்காலுக்குக் கான்கிரீட் வேண்டாம் என்பேன். மரம் காய்ந்து சுருங்கும், சுற்றிலும் ஒரு இடுக்கு விழும், தண்ணீர் அதில் நிற்கும். ஜல்லியும் மண்ணும் அரையடி அரையடியாகப் போட்டு இடித்து இறுக்குங்கள். ஆள் தோளால் முட்டினால் அசையக் கூடாது.

கான்கிரீட்டுக்குத் தினமும் தண்ணீர் விட்டு ஏழு நாள் காத்திருங்கள். அதற்குள் குறுக்குக் கம்பி வெல்டிங் வைத்தால் தட்டுத் தட்டில் கால் உள்ளேயே ஆடிவிடும். அவசரப்படுத்தும் வெல்டிங்காரரிடம், “ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்று சொல்லிவிடுங்கள்.

நடைக்கு மட்டும் கணக்குச் சொல்கிறேன், மற்றதை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். 24 அடி, இரண்டு பக்கம், பக்கத்துக்கு 5 கால், ஆக 10 கால். 20 அடி பைப் ஒன்றில் இரண்டு கால் வரும், எனவே 5 பைப். குறுக்கு ஐந்து வரிசை என்றால் 48 அடி பெருக்கல் 5, மொத்தம் 240 அடி, 12 பைப். பத்துக் குழிக்கும் சேர்த்து 30 கன அடி. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஐந்தரை கன அடிக் கான்கிரீட் வரும், ஆக 6 மூட்டை. தரை கான்கிரீட் தனி.

குறுக்குக் கம்பி

எப்போதும் மாடு நிற்கும் பக்கம்தான் குறுக்குக் கம்பி வர வேண்டும். மாடு தள்ளினால் கம்பி காலின் மேல் அழுந்தும். வெளிப்பக்கம் வைத்தால் வெல்டிங் மட்டும்தான் பலம், ஒரு நாள் பிய்ந்துவிடும். கால் முனையும் மாட்டின் விலாவில் இடிக்கும்.

வரிசைகளுக்கு நடுவே பத்து அங்குல இடைவெளி. கீழே கன்றுக்காக நெருக்கமாக, மேலே கொஞ்சம் தளர்வாக வைக்கலாம். தலை நுழைந்து கொம்பு மாட்டிக்கொள்ளும் இடைவெளி எங்கேயும் இருக்கக் கூடாது. காங்கேயக் கொம்பு வெளியே விரிந்து, மேலே போய், பின்பக்கம் வளைவது. நுழைவது சுலபம், எடுப்பது கடினம்.

நடையின் இரண்டு பக்கமும் அடியிலிருந்து மூன்று, மூன்றரை அடி உயரம் வரை மறைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் ஆள், ஓடும் நாய், பறக்கும் சேலை எதுவும் தெரியாவிட்டால் மாடு முன்னே மட்டும் பார்க்கும். தகரம் வேண்டாம், கொம்பு பட்டதும் டமார் என்று சத்தம் போடும். கிரஷரில் கழித்த பழைய கன்வேயர் பெல்ட் கிடைத்தால் அருமை. சத்தமில்லை, கிழியாது, காயம் படாது. இல்லாவிட்டால் பலகை. அதற்கு மேலே கொம்புக்குத் திறந்தே இருக்கட்டும். அடைத்துவிட்டால் கொம்பு உரசி மாடு தலையைத் தூக்கிக்கொண்டு நடக்க மறுக்கும்.

சின்னப் பட்டியின் ஒரு மூலையில், இரண்டு காலுக்கு நடுவே 14 அங்குல இடைவெளி ஒன்று விடுங்கள். கதவில்லாத வெறும் இடுக்கு. மாடு பாய்ந்தால் ஆள் பக்கவாட்டாக நழுவி வெளியே வருவதற்கு. எங்கள் பழைய பட்டியில் அது இருந்திருந்தால் தம்பியின் கை தப்பியிருக்கும். செலவே இல்லாத இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

கதவுகள்

பெரிய பட்டியின் கதவு 10 அடி, அதுவும் மூலையில் இருக்கட்டும். வேலியோரமாக நடக்கும் மாடு மூலையில் தானாகவே வெளியேறும் வழியைத் தேடும். நடுச்சுவரில் வைத்த கதவை அது பார்க்காமலே தாண்டிப் போகும்.

நீளமான கதவு தொங்குவது எல்லார் வீட்டிலும் உள்ள தொல்லை. கீல் பக்கத்தின் அடிமூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். அது தாங்கிப் பிடிக்கும். கம்பியால் இழுத்துக் கட்டுவதென்றால் நேர்மாறாக, கீல் பக்க மேல்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்க அடிமூலைக்கு. இதை மாற்றிப் போட்டுவிட்டு ஏன் தொங்குகிறது என்று கேட்பவர்கள் நிறைய.

இரண்டு கீலில் மேல் கீலின் முளையைத் தலைகீழாக, கீழ் நோக்கி வையுங்கள். இரண்டும் மேல் நோக்கி இருந்தால், மாடு கொம்பால் கதவின் அடியில் கொடுத்துத் தூக்கியதும் கதவு கழன்று வரும். தாழ்ப்பாளை ஒரே கையால், பட்டிக்கு உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் போடவும் எடுக்கவும் முடிய வேண்டும். சங்கிலி கட்டினால் நுனி தொங்காமல் சுற்றிவிடுங்கள்.

நடைக்குள் ஒவ்வொரு மாட்டுக்கும் பின்னால் குறுக்கே போட ஒரு தடி வேண்டும். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில், தொடைக்குப் பின்னால் வரும்படி. நடையின் இரண்டு பக்க வேலிக்காலிலும் வளையம் வைத்து, வெளியே நின்றபடியே சறுக்கித் தள்ளும் பைப்பாக இருக்கட்டும். அதைப் போடாமல் மாட்டுக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது.

தரை

மண்தரை நல்லதுதான், ஆனால் நடையிலும் கூண்டிலும் பத்து மாடு நடந்ததும் சேறாகிவிடும். அங்கே மட்டும் 4 அங்குலக் கான்கிரீட். ஈரமாக இருக்கும்போதே 8 அங்குலத்துக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்குமாக, ஒரு அங்குல ஆழத்துக்கு அழுத்திவிடுங்கள். மேற்பரப்பைக் கொல்லத்துக்காரர் (கொத்தனார்) வழவழவென்று தேய்க்கப் பார்ப்பார், தடுத்துவிடுங்கள். கால் வழுக்கிய இடத்தை மாடு மறக்காது, அடுத்த தடவை அந்த இடத்தில் நின்றுவிடும். 50 அடிக்கு ஓரடி சரிவு இருந்தால் தண்ணீர் வடியும்.

இந்தக் கான்கிரீட் இரண்டு பக்கக் கால்களையும் அடியில் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. மேலே குறுக்குச் சட்டம் போட்டுக் கட்ட வேண்டிய தேவை குறையும். மேலே போட்டால் எகிறும் மாட்டுக்குத் தலையில் அடிபடும்.

ஊசிக்கூண்டு

கால்நடை மருந்தகத்தில் டிரெவிஸ் என்பார்களே, அதுதான். 7 அடி நீளம், 26 அங்குல அகலம், நான்கு கனமான கால், 4 அடி ஆழத்தில். முன்னால் கழுத்தைப் பிடிக்கும் தானியங்கிக் கதவுகள் விற்கிறார்கள். கொம்பில்லாத கலப்பின மாட்டுக்கு அவை சரி. காங்கேய மாட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். கொம்பு அதில் நுழையாது, நுழைந்தால் வராது. கழுத்துப் பிடி வைத்தே ஆக வேண்டும் என்றால் செங்குத்தான நேர்க்கம்பி வையுங்கள். வளைந்த கம்பியில் மாடு மடங்கிப் படுத்தால் குரல்வளை அழுந்தி மூச்சு நின்றுவிடும்.

எங்கள் ஏற்பாடு சாதாரணமானது. முன்னால் மார்புக்கு நேராக ஒரு குறுக்குத் தடி, பின்னால் தொடைக்குப் பின்னே ஒரு தடி. தலையைக் கயிற்றுமுகணை (முகத்தைச் சுற்றிப் போடும் கயிறு) போட்டுக் கூண்டின் முன்பக்கக் கம்பத்தில் கட்டுவோம். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு மட்டும்தான், வேறு முடிச்சுக்கு இடமில்லை. மூக்கணாங்கயிற்றில் கட்டித் தொங்கவிடக் கூடாது, மாடு சரிந்தால் மூக்கு கிழியும். பக்கவாட்டில் மேல்பாதியைத் திறக்கும் சின்னக் கதவாக வைத்தால் கழுத்தில் ஊசி போட, மருந்து ஊற்ற வசதி. பின்பக்கம் சினை ஊசிக்கும் சினைப் பரிசோதனைக்கும் மருத்துவர் நிற்க, நடையிலிருந்து தனியாக மறைக்கும் ஒரு கதவு வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாடு அவர் முதுகில் வந்து நிற்கும்.

இந்தக் கூண்டு வருடத்துக்கு எத்தனை முறை பயன்படும் என்று கேட்பார்கள். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுக்குக் கருச்சிதைவு நோய் ஊசி ஒரு முறை. 12 இலக்கக் காதுவில்லை போட வேண்டும். தோல் கழலை நோய் வந்த பிறகு அதற்கும் ஊசி. குடற்புழு மருந்து, சினை பார்ப்பது, புண்ணுக்கு மருந்து எல்லாம் சேர்த்தால் மாதம் ஒரு முறையாவது மாடு அதில் ஏறும்.

சுற்று வேலி

பட்டி எவ்வளவு பலமாக இருந்தாலும் கொறங்காட்டு வேலி ஓட்டையாக இருந்தால் பயனில்லை. நம் பக்கத்து வேலி கிளுவை வேலிதான். அதை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. முள்ளும் நிழலும் காற்றுத் தடுப்பும் சேர்ந்து கிடைப்பது வேறு எதில்? மழைக்கு முன்னால் முற்றிய போத்தாக (நடுவதற்கு வெட்டிய கிளை) பார்த்து, அடிக்கு ஒன்று வீதம் ஓரடி ஆழத்தில் நட்டு, பக்கத்துக் கிளைகளை ஒன்றோடொன்று பின்னி விடுங்கள். மூன்று வருடத்தில் மாடு தலை நுழைக்க முடியாது. செத்த போத்தின் இடைவெளியில் உடனே வேலாமுள் அடைத்துவிடுங்கள். ஒரு முறை அந்த வழியில் போய்விட்ட மாட்டை அப்புறம் தடுப்பது பெரும்பாடு.

கிளுவை வளரும் வரை, அல்லது சாலையோரத்தில், கல்லுக்கால் வேலி. 7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள், 10 அடிக்கு ஒரு கல், ஐந்து வரிசைக் கம்பி. மூலைக் கல்லுக்கு இரண்டு பக்கமும் சப்போர்ட் கல் சாய்த்து நடாவிட்டால், கம்பியை முறுக்கி இழுத்ததுமே மூலை உள்ளே சாயும். வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுப்பது சட்டப்படி குற்றம், மாட்டையும் மனிதனையும் கொல்லும். அந்த எண்ணமே வேண்டாம்.

கடவில் பழைய படலைக் கழற்றி இரும்புக் கதவு போட்டாலும், கடவுக்கு இரண்டு பக்கமும் 15 அடிக்குக் குறுக்குச் சட்டம் போட்ட வேலி இருக்கட்டும். மாடு கூட்டமாக நெருக்குவது அங்கேதான்.

மாட்டைப் பழக்குதல்

வேலை முடிந்த மறுநாளே ஊசிக்குக் கூப்பிடாதீர்கள். எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டுப் பத்து நாள் சும்மா விடுங்கள். பெரிய பட்டியில் சோளத்தட்டு போடுங்கள். மூன்றாம் நாள் சின்னப் பட்டியில். அப்புறம் நடையைத் தாண்டி வெளிப்பட்டியில் கொஞ்சம் புண்ணாக்குத் தண்ணீர். வழிகாட்டி மாடு என்று ஒன்று எல்லா மந்தையிலும் உண்டு. எங்களுக்கு ஒரு கிழட்டு மயிலை மாடு. அது போனால் மற்றதெல்லாம் போகும். முதல் இரண்டு தடவை யாருக்கும் ஊசி போடாமல் நடத்தி வெளியே விட்டுவிடுங்கள்.

நிஜமாக ஊசி போடும் நாளில் மூன்று பேர் போதும். அதிக ஆள் வந்தால் அதிகச் சத்தம். நாயைக் கட்டிப் போடுங்கள். வாலை முறுக்குவது கூடாது. ஒரே ஒரு மாட்டைத் தனியே பெரிய பட்டியில் விட்டுவிடாதீர்கள். கடைசியாக மிஞ்சும் மாடுதான் எப்போதும் வேலி தாண்டுவது. இரண்டு மூன்றாகவே அனுப்பி முடியுங்கள்.

பக்கத்து ஊரில் கோமாரி இருக்கிறது என்று தெரிந்தால், 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சலவைச் சோடா கலந்து நடையையும் கூண்டையும் கழுவுங்கள். வெளியாள் கால் வைக்கும் இடத்திலும் ஊற்றுங்கள்.

முதல் ஊசி முடிந்த சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எல்லா மாடும் வெளியே போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, உள்ளே மெதுவாக நடந்து பாருங்கள். எந்தக் கம்பியில் ரோமம் ஒட்டியிருக்கிறது, எந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, எங்கே சாணம் குவிந்திருக்கிறது? ரோமம் இருந்தால் அங்கே உரசல், வெல்டிங் பிசிறு இருக்கும், தேய்த்துவிடுங்கள். சாணம் குவிந்த இடத்தில் மாடு பயந்து நின்றிருக்கிறது. எங்கள் நடையில் அது மூன்றாவது காலுக்கு நேரே இருந்தது. குனிந்து பார்த்தபோது, எதிரே மருத்துவரின் பைக் கண்ணாடி வெயிலில் மின்னியது தெரிந்தது. அடுத்த தடவை பைக்கைத் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னோம். எந்த மாடும் அங்கே நிற்கவில்லை.